மேலே நிற்கிறவருக்குத்தான் முதல் பயிற்சி

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் பட்டறையில் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டுவார், முடிந்ததும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவோம். தீபாவளி லீவில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈ.டி.பி. தொட்டியைக் கழுவ கான்ட்ராக்ட் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்? நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் போதுமா?"

கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், கிணறு என்று ஆள் இறங்கும் இடங்களின் பாதுகாப்பைப் பார்ப்பதே பல வருஷமாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாஸ்க் போதாது. கடையில் கிடைக்கும் துணி மாஸ்க் தூசிக்கு. இரண்டு பக்கமும் டப்பா வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க், காற்றில் இருக்கும் சில வாயுக்களை வடிகட்டும். ஆனால் காற்றிலேயே ஆக்சிஜன் இல்லையென்றால் அதை எங்கிருந்தோ கொண்டுவந்து தராது. மூடிக் கிடந்த தொட்டியில் பல நேரம் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கும். விஷவாயுவும் உண்டு, ஆக்சிஜனும் குறைவு. அங்கே வேலைக்கு ஆகிறது முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவி அல்லது வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் கருவி மட்டும்தான். மாஸ்க் கொடுத்து இறக்கினால் அவருக்கு ஒரு பொய்த் தைரியத்தைக் கொடுத்து இறக்குகிறீர்கள். மாஸ்க் இல்லாதவராவது கொஞ்சம் பயந்து இறங்குவார்.

அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "விஷவாயு தாக்கி" என்று பேப்பரில் படித்துப் படித்து, அது ஏதோ பூமிக்கு அடியில் பதுங்கியிருக்கும் பூதம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் பட்டறையில் காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறீர்களே கிளாபர் உப்பு, அது சோடியம் சல்பேட். கழிவுத் தண்ணீரோடு அது தொட்டிக்குப் போகிறது. அடியில் சேறாக, நீங்கள் சொல்கிற ஸ்லட்ஜாக, படிந்த இடத்தில் காற்றுப் புகாது. காற்றில்லாமல் வாழும் ஒருவகை பாக்டீரியா அந்தச் சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்பது இதுதான். சல்பர் சாயம் ஓட்டுகிற பட்டறை என்றால் சோடியம் சல்பைடு நேராகவே தண்ணீரில் இருக்கும். அதோடு ஆசிட் கழிவு கலந்தால் பாக்டீரியாகூட வேண்டாம், அந்த நிமிஷமே வாயு கிளம்பும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். மயிர் நீக்கும் சுண்ணாம்பு–சல்பைடு தண்ணீரும், தோலை ஊறவைக்கும் பிக்கிளிங் ஆசிட் தண்ணீரும் ஒரே குழியில் சந்திக்கக் கூடாது.

இதில் இரண்டு விஷயத்தை ஒவ்வொருவர் மனதிலும் பதிய வைக்க வேண்டும்.

ஒன்று, மூக்கை நம்பக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே நாறும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஆள் நினைக்கிற அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

இரண்டு, சேறு கிளறப்படும்வரை வாயு அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து பார்க்கும்போது மீட்டர் ஒன்றுமில்லை என்று காட்டலாம். ஆள் இறங்கி மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினதும் சேற்றுக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வரும். காற்றைவிட அது சற்றுக் கனமானது, அதனால் குனிந்து வேலை செய்கிறவரின் முகத்தோடு முகமாக நிற்கும். காலையில் ஒருமுறை சோதித்துவிட்டு மாலைவரை நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதனால்தான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு பட்டறைக்கு, விபத்து நடந்த மறுநாள் காலையில் போனேன். மூன்று பேர் போய்விட்டார்கள். மேன்ஹோல் பக்கத்தில் செருப்புகள் இன்னும் கிடந்தன. ஒரு ஜோடி சுவரோரமாக, கோயில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு ஜோடி, ஒன்று இங்கே, ஒன்று நான்கடி தள்ளிக் குப்புற. மூன்றாவது ஜோடி மேலே இல்லவே இல்லை. அவர் செருப்போடேயே குதித்திருக்கிறார். முதலில் இறங்கியவர் வேலைக்கு இறங்கினார். மற்ற இருவரும் அவரைத் தூக்க இறங்கினார்கள். இரண்டாவது ஆள் அவருடைய தம்பி.

அந்தச் செருப்புகளைப் பார்த்த பிறகு நான் வகுப்பு எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986-இலேயே எழுதிவைத்தது: மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊரில் இது இன்னும் கூர்மையாக வலிக்கும். இந்த வேலைக்கு வரும் கோஷ்டி பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே குடும்பம். உள்ளே விழுந்தவர் அண்ணனாக, மாமனாக, மச்சானாக இருப்பார். "அண்ணா!" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் மேலே இருப்பவரின் கால் தானாக ஏணிக்குப் போகும். அது முட்டாள்தனமல்ல, பாசம். அந்தப் பாசத்தை வகுப்பறையில் படம் போட்டு நிறுத்த முடியாது. கைக்கு வேறு ஒரு வேலையை முன்கூட்டியே பழக்கி வைத்திருந்தால்தான் அந்த நிமிஷத்தில் கால் ஏணிக்குப் போகாமல் கை, கயிற்றைச் சுற்றி ஆளை மேலே தூக்கும் வின்ச்சுக்குப் போகும்.

அதனால் பயிற்சியை மேலே நிற்கிறவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கிடையாது. டீ வாங்கி வா, வால்வைத் திருகிவிட்டு வா என்று அவரை யாரும் அனுப்பக் கூடாது, முதலாளி சொன்னாலும் சரி. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் பெயர் இருக்க வேண்டும். கயிற்றின் நுனி அவர் கண்முன் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் அவர் செய்ய வேண்டியது வின்ச்சைச் சுற்றுவது, விசில் ஊதுவது, வருகிறவரை 108-க்கு அடிக்கச் சொல்வது. ஓடிவந்து இறங்கப் பார்க்கும் மற்றவர்களைத் தடுப்பதும் அவர் வேலைதான். ஆகவே நாலு பேர் பேச்சு கேட்கிற, குரலில் அதட்டல் இருக்கிற ஒருவரை அங்கே நிறுத்துங்கள். புதிதாகச் சேர்ந்த பையனை நிறுத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இறங்குபவரின் சொந்தக்காரரையும் முடிந்தவரை அங்கே வைக்காதீர்கள்.

மொழியும் இதில் சேர்த்திதான். இன்றைக்குத் திருப்பூர், பெருந்துறை பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். தமிழில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒடியாக்காரரிடம் கையெழுத்து வாங்கினால் அந்தப் பேப்பர் கோப்பில் இருக்கும், அவர் தலையில் ஒன்றும் இருக்காது. மேஸ்திரியை வைத்து அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தியில் உள்ளே போகாதே என்று சொல்லும் "அந்தர் மத் ஜாவ்" என்ற மூன்று வார்த்தையை நம் தமிழ் ஆட்களும் கற்றுக்கொள்ளட்டும். அவசரத்தில் கத்த வேண்டிய வார்த்தை அது.

பிறகு ஒத்திகை. ஒரு சாக்கில் 60 கிலோ மணல் நிரப்புங்கள். ஒரு சராசரி ஆளின் எடை அது. காலித் தொட்டியில், காற்று நல்லபடி இருக்கிறதென்று சோதித்த பிறகு, அதை இறக்கி வைத்துவிட்டு, "ஆள் விழுந்துவிட்டார், யாரும் இறங்காமல் வெளியே எடுங்கள்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் இடத்தில் இதைச் செய்தபோது, வழக்கம்போல இடுப்பில் கயிறு கட்டுவதுபோலச் சாக்கின் நடுவில்தான் கட்டியிருந்தார்கள். மூன்று பேர் இழுத்தார்கள். பாதி உயரம் வந்ததும் சாக்கு குறுக்கே சாய்ந்து மேன்ஹோல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள், மறுபடி மாட்டியது. பதினோரு நிமிஷம். மூச்சு நின்றால் நாலைந்து நிமிஷத்தில் மூளை சேதமாக ஆரம்பித்துவிடும். யாரும் பேசவில்லை. சாக்கைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், "என்னையும் இப்படித்தானே கட்டி இறக்கினீங்க" என்றார். நான் எடுத்த எந்த வகுப்பிலும் அந்த ஒரு வரி அளவுக்கு யாருக்கும் எதுவும் உறைத்ததில்லை.

அடுத்த முறை முக்காலி ஸ்டாண்டும் கை வின்ச்சும் வைத்தோம். தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸை ஒரு பொம்மைக்கு மாட்டி, முதுகுப்பக்கம் தோள்பட்டைக்கு நடுவில் இருக்கும் வளையத்தில் கயிற்றைக் கோத்தோம். அப்படிக் கோத்தால் மயங்கிய உடம்பு நிமிர்ந்து நேராக மேலே வரும், வாசலில் மாட்டாது. ஒரே ஆள் வின்ச்சைச் சுற்றினார். மூன்று நிமிஷத்துக்குள் வெளியே. ஹார்னஸ் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பட்டறைகள் நிறைய. வாரை யார் மாட்டிவிடுவது, எந்த வளையம் எதற்கு என்று கையால் பழகியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கேஸ் டிடெக்டர் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். நான்கு வாயு காட்டும் கையடக்கக் கருவி போதும். ஆக்சிஜன், தீப்பிடிக்கும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு. திறந்த வெளியில் ஆன் செய்தால் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கருவியே சரியில்லை. பிறகு குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் கீழே தங்கும். குழாய் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மட்டத்திலும் பொறுத்து நிற்க வேண்டும். காற்று குழாய் வழியாக ஏறிவர நேரம் எடுக்கும். முதலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள், அது குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் வாயுவின் அளவைக் கருவி சரியாகக் காட்டாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேலே என்றால் இறங்கக் கூடாது. உள்ளே இருப்பவரின் சட்டையிலும் ஒரு கருவி, மூக்குக்குப் பக்கத்தில், வேலை முடியும்வரை ஓட வேண்டும். சென்சார் ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான். வாங்கின நாளிலிருந்து ஒருமுறைகூட அளவு சரிபார்க்காத கருவியை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அதில் வரும் பூஜ்யத்தை நம்பித்தான் ஆளை இறக்குகிறார்கள்.

விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம் பற்றியும் கேட்பார்கள். கிணற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கி, அணைந்தால் இறங்காதே என்று பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில் வந்த அறிவு, அதை மதிக்கிறேன். ஆனால் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். மனிதனுக்கு அதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் சுடருக்கு ஒன்றும் ஆகாது, நின்று எரியும். மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். ஆகவே கழிவுத் தொட்டியில் விளக்கு, தீக்குச்சி, பீடி எதுவும் வேண்டாம். சேற்றுத் தண்ணீர் இறைக்க டீசல் என்ஜினைத் தொட்டிக்குள்ளேயோ வாய்ப்பக்கமோ வைக்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. கிணறு தூர்வாரும்போது இப்படிப் போன உயிர்கள் உண்டு.

புளோயர் வைத்துக் காற்றடிக்கும்போது குழாயின் வாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும். மேலே வைத்து ஊதினால் மேல்காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆள் உள்ளே இருக்கும்வரை அதை நிறுத்தக் கூடாது; கரண்ட் போனால் அந்த நொடியே எல்லாரும் வெளியே. காற்றுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் பழக்கம் சில இடத்தில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஆக்சிஜன் கூடினால் சட்டை, தலைமுடி எல்லாம் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

நான் சொன்னதெல்லாம் ஏதோ வெளிநாட்டு வழக்கம் என்று உங்கள் முதலாளி சொன்னால், 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். தகுதியுள்ள ஒருவர் சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்கருவி அணிந்து, பெல்ட்டில் கயிறு கட்டி, அதன் மறுநுனியை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மேலே நிற்கிறவரைப் பற்றி நம் சட்டம் அப்போதே யோசித்திருக்கிறது. அடுத்த 36-ஏ பிரிவு, உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் சேர்த்த பிரிவுகளில், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகும் உரிமையும், பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமையும் தொழிலாளிக்கு வந்தன. இப்போது 2020-ஆம் வருஷத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. எண்கள் மாறும், தொட்டிக்குள் இருக்கும் வாயு மாறாது.

பட்டறைக் கழிப்பறையின் செப்டிக் டேங்க் விஷயம் வேறு. அதில் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு வருஷம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். கான்ட்ராக்ட் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்த டேங்குக்குக் கழிவை உறிஞ்சும் லாரியை அழையுங்கள். 14420 என்ற எண்ணுக்கு அடித்தால் ஏற்பாடு செய்வார்கள்.

ஈ.டி.பி. தொட்டிக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்: ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமா? மேலே நின்றபடி ஜெட் அடித்துச் சேற்றைக் கரைத்து, சேற்றுப் பம்ப் போட்டு இழுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சேறு கெட்டியாவதற்கு முன், வருஷத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் மண்வெட்டியே தேவைப்படாது. புதுத் தொட்டி கட்டும்போது அடியில் ஒரு பக்கமாகச் சரிவு வைத்து, தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் வைக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் கூடுதல் வேலை. இருபது வருஷத்துக்கு அந்தத் தொட்டிக்குள் ஆள் இறங்கும் தேவை பாதியாகும்.

தீபாவளி லீவில் என்கிறீர்கள். பொதுவாக லீவு விடும் நாளில், போனஸ் வாங்கி ஊருக்குப் போகும் அவசரத்தில், மாலை நாலு மணிக்குமேல் மூடியைத் திறக்கிறார்கள். தேதியை மாற்றுங்கள். லீவுக்கு ஒரு வாரம் முன்பு, காலை எட்டு மணிக்கு, மெயின் ஆபீசில் ஆள் இருக்கும் நாளாகப் பாருங்கள். அதற்கும் ஒரு நாள் முன்னதாகவே அந்தக் கான்ட்ராக்ட் ஆட்களை வரச் சொல்லி, அன்றைய கூலியையும் கொடுத்து, மணல் சாக்கை இறக்கி ஏற்றிப் பாருங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறதென்று எனக்கு எழுதுங்கள். ஐந்துக்கு மேல் போனால் மறுநாள் மூடியைத் திறக்க வேண்டாம். என்ன தடுத்தது என்று சேர்ந்து பார்ப்போம்.